பதிவுப் புத்தகத்தில் இல்லாதவை

ஜெஸீல், காசை இப்ப எண்ண வேண்டாம்.
முதலில் உள்ளே ஏறிக் கதவைச் சாத்துங்கள்.
இனி இறங்குங்கள், பார்ப்போம்.
கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு
வெளிப்பிடியைத் தூக்கவேணும்.
மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன்,
மூன்று தரமும் ஒரு ஸ்குரூ மிஞ்சியது.
மூன்றும் சாம்பல் தட்டில். உங்களுடையவை.

கதவில் பெயின்றுக்குக் கீழே ஒரு நீலப் பறவை.
சுனாமிக்குப் பிறகு வந்து
கணக்கு முடித்துப் போனவர்கள்
ஏலத்தில் விட்டுப்போனது.
உப்புவெளியில் வெயில் சாயும்போது தெரியும்.
தேய்க்காதீர்கள், தகடு மெல்லியது.

டீசல் முள் செத்துவிட்டது.
சீற்றுக்குப் பின்னால் சைக்கிள் பிரேக் கம்பி இருக்கிறது,
தாங்கிக்குள் விட்டு எடுத்தால் நனைந்த அளவு.
மேல் கீறலுக்குப் புல்மோட்டை போய்த் திரும்பலாம்.
நடுக் கீறலுக்குக் கிண்ணியாப் பாலம் தாண்டலாம்.
கீழ்க் கீறல் நான் போட்டதல்ல,
சம்பூரிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த இரவு
வில்வராசா கோபத்தில் குறட்டால் போட்டது.

வைப்பருக்கு மோட்டர் இல்லை, நைலோன் நூல்.
ஓட்டுபவர் ஒருபக்கம், பக்கத்தில் இருப்பவர் மறுபக்கம்.
நூல் பிடிப்பவருக்கு நித்திரை வரக்கூடாது.
அவருக்கு வரும்.
பாலையூற்றில் ஒரு மழைநாள்
மதிலை நாங்கள் காணுமுன்னே
மதில் எங்களைக் கண்டுவிட்டது.
முன் பம்பர் அதனால்தான் தண்ணீர்க்குழாய் இரும்பு.
வெல்டிங் என்னுடையது.
கோணல், டோர்ச் பிடித்தவர் தும்மியது.

ரேடியேற்றர் ஒழுகினால் இரண்டு கரண்டி மஞ்சள்.
சிரிக்காதீர்கள், அடைபடும்.
உவர்மலை ஏற்றத்தில் மட்டும்
யாரோ பருப்புக் காய்ச்சுகிற வாசம் வரும்.

இனி முக்கியமானது.
நாலு சில்லும் இழுக்கவேணுமென்றால்
இறங்கி முன் ஹப் இரண்டையும் கையால் திருப்பவேணும்.
வலது விரலுக்கே திரும்பும்.
இடது இந்தக் கத்திரிக்கோலின் பாதிக்கு மட்டும்.
மற்றப் பாதியைக் கேட்காதீர்கள், எங்களுக்கே தெரியாது.
ஒன்று பூட்டாமல் விட்டால் அந்தப் பக்கம் சும்மா சுற்றும்,
மணலில் முன்பாதி முழுக்க வேடிக்கை பார்க்கும்.

கடற்கரைக்குப் போனால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.
விட்டால் விடியப்புறம் ரவுணுக்குள் திரியும் மான்கள் வந்து
மட்கார்ட் உப்பை நக்கும்.
அவை நக்கிய இடத்தில் கறள் இல்லை.
மற்ற இடமெல்லாம் பழைய ஒயிலும் மண்ணெண்ணெயும்,
மாதம் ஒருக்கால், மல்லாந்து படுத்து, நான்.

பிறகு இந்தக் குழாய்.
வாகனத்துக்கு ஏன் கொம்பு என்று கேட்பார்கள்.
எஞ்சின் மூச்சு விட.
வெருகல் ஆறு வீதியில் ஏறிய மார்கழி இரவு
லைற் முங்கிவிட்டது.
கதவிடுக்கால் வந்த தண்ணீர் என் மடியில் இருந்தது.
பின்னால் பதினொரு பேர், ஒரு தையல் மெசின்.
ஒருவரும் பேசவில்லை.
கூரைக்கு மேலே குழாய் மட்டும்
தொய்வுக்காரனைப்போல இழுத்து இழுத்து
எங்களோடு வந்தது.
நான் கியர் மாற்றவில்லை.
மாற்ற நினைக்கவும் பயம்.

அது எங்கள் குளியலறைக் குழாய்.
அன்று காலைதான் அறுத்துப் பூட்டினேன்,
பசைகூடக் காயவில்லை.
ஆறு வருடமாய் நாங்கள் குளிக்கிற தண்ணீர்
முருங்கையடிக்குப் போகிறது.
வாகனம் விற்றால் கழற்றித் திரும்பப் போடுவதென்று
அவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.
இருக்கட்டும்.
முருங்கை இப்ப நன்றாகக் காய்க்கிறது.

ஏன் விற்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லை.
நல்லது.

இந்தாங்கள் திறப்பு.
இல்லை, இன்னும் திருக வேண்டாம்.
கிளச்சுக்குப் பக்கத்தில்
முதலில் ஒருதரம் உதையுங்கள்.
மெல்ல.